மூன்றாவது கசற்

அத்தியாயம் 11

பந்தயம் டொலறஸ் கேட்டதல்ல. கஸ்பர் கேட்டது.

ஓகஸ்ற் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய்வந்த உடுப்போடு, சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டான். லண்டன், பிளேஸ்டோ வீட்டின் முன்னறையில் ஒரு சின்ன மேசைக்குத்தான் இடமிருந்தது. அந்த மேசையில் பிள்ளைக்காக எதை வைப்பது என்பதுதான் அந்த வருடம் முழுக்க அவர்கள் வீட்டுப் பேச்சு.

கஸ்பர் கொம்பியூற்றர் என்றான். எழுத்தை அமத்தினால் அது வாய் திறந்து சொல்லும். பிள்ளை பிழைவிட்டால் திருத்தும். சரியாகச் செய்தால் கை தட்டும்.

டொலறஸ் கசற் றெக்கோடர் போதும் என்றாள்.

"உங்கடை கொம்பியூற்றருக்குத் தமிழ் தெரியுமே?"

"அதுக்கேன் தமிழ்?"

"எனக்கு அவளோடை கதைக்க இருக்கிறது அது ஒண்டுதான்."

அது உண்மை. முதியோர் இல்லத்தில் அவளுக்கு மாலை நாலு மணி தொடக்கம் பத்து மணிவரை ஷிப்ற். அனிற்றா பள்ளிக்கூடத்தால் வருவதற்கும் இவள் பஸ்ஸுக்கு ஓடுவதற்கும் இடையில் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் ஐந்து வயதுப் பிள்ளை தாய்க்குச் சொல்லும் மறுமொழிகள் ஒவ்வொரு மாதமும் சுருங்கிக்கொண்டு வந்தன. முதலில் தமிழ். பிறகு பாதி ஆங்கிலம். இப்போது தலையாட்டல்.

கஸ்பர் யோசித்துவிட்டுச் சொன்னான். "சரி. கோயிலிலை நத்தார் ஒளிவிழா வருமட்டும் உம்மடை கசற். பிள்ளை மேடையிலை நிண்டு தமிழிலை கதை சொன்னால் கசற்தான் மேசையிலை. சொல்லாட்டில் கொம்பியூற்றர். பேந்து நீர் ஒரு கதையும் கதைக்கக்கூடாது."

"ஓம்," என்றாள் டொலறஸ்.

அன்று அவளுக்குப் பயம் இருக்கவில்லை. தன் குரலை நம்பினாள்.

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து, மாடிப்படிக்குக் கீழே இருந்த அலுமாரிக்குள் கோட்டுகளுக்கு நடுவே குந்தியிருந்து பதிந்தாள். அங்கேதான் றோட்டுச் சத்தம் வராது. மூன்று கசற். முதலாவதில் சொற்கள். இரண்டாவதில் செபமும் பாட்டும். மூன்றாவதில் கதை. எந்தப் புத்தகத்திலும் இல்லாத கதை. பெத்தலகேமுக்குப் போக ஆசைப்பட்ட ஒரு நண்டு. அதற்கு நேரே நடக்கத் தெரியாது.

பதிந்து முடித்ததும் கசற்றின் முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பல்லையும் மரக்கறிக் கத்தி முனையால் உடைத்துவிட்டாள். பல்லை உடைத்தால் அதன் மேல் வேறொன்றைப் பதிய ஏலாது.

கசற் சிக்கினால் என்ன செய்வது என்று ஒரு பிரதி எடுத்துத் தரக் கேட்டு மூன்றையும் எமில்டாவிடம் கொடுத்தாள். எமில்டா கஸ்பரின் தமக்கை. குட்மேய்ஸில் இருந்தாள். அவளிடம் இரட்டைக் கசற் செற் இருந்தது. யாழ்ப்பாணத்தில் கொன்வென்ற்றில் ஆங்கிலம் படிப்பித்தவள். அதனால் கவுன்சில் கடிதமோ, டொக்டர் கடிதமோ, ஆங்கிலத்தில் வருகிற எந்தத் தாளும் முதலில் குட்மேய்ஸுக்குத்தான் போகும். எமில்டா வாசித்து, இரண்டு வரியில் சொல்லிவிடுவாள்.

மூன்று கசற்றும் ஒரு கிழமையில் திரும்பி வந்தன. பிரதி எடுத்தது சரிவரவில்லை, செற் பழுது என்றாள் எமில்டா.

கஸ்பர் பிள்ளைக்கு ஒரு ஹெட்போன் வாங்கி வந்தான். பக்கத்து வீட்டுச் சுவர் மெல்லிசு என்றான்.

சனி, ஞாயிறுகளில் டொலறஸ் பார்த்துக்கொண்டிருப்பாள். அனிற்றா ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்பளத்தில் இருப்பாள். தலை ஆடும். உதடு அசையும். தன்னுடைய சொற்கள்தான் அந்த உதட்டில் அசைகின்றன என்று டொலறஸ் நினைத்தாள்.

"நண்டுக் கதை அம்மாவுக்குச் சொல்லிக் காட்டு, குஞ்சு."

"முதலே கேட்டுப் பழுதாக்காதையும்," என்பான் கஸ்பர். "மேடையிலை கேளும்."

இன்று டிசம்பர் மாதத்து இரண்டாம் சனி. ஒளிவிழா.

*

கோயில் மண்டபத்தில் சூடு போதாது. கோட்டைக் கழற்றாமலே எல்லோரும் இருந்தார்கள். மேடையில் காகித நட்சத்திரங்கள். ஓரத்தில் மாட்டுக்கொட்டில். அட்டையில் வெட்டிய ஒரு செம்மறி ஆட்டுக்குக் கால் விழுந்து, அதை யாரோ பைபிளில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

பன்னிரண்டு மணிக்குக் கதை சொல்லும் போட்டி தொடங்கியது. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் முதலில். கஸ்பர் வரவில்லை. பெற்றோல் ஸ்ரேசனில் இரண்டு மணிவரை வேலை என்று காலையில் சொல்லியிருந்தான்.

எமில்டா பக்கத்தில் வந்து இருந்தாள். அவளுடைய மூன்றாவது பிள்ளை ஜொய்சியும் போட்டியில் நின்றாள். தலையைச் சுற்றி வெள்ளிச் சரிகை.

"ஜொய்சியுமோ மச்சாள்?" டொலறஸுக்கு வியப்பு.

"சும்மா. ஆள் காணாது எண்டு அருள்நாயகி ரீச்சர் கரைச்சல் குடுத்தவ. ரெண்டு வரி சொல்லிப்போட்டு இறங்குவாள்."

எமில்டா வீட்டில் தமிழ் இல்லை. மூத்தவை இரண்டும் ஆங்கிலம் மட்டும்தான். அதை அவள் குறையாகச் சொன்னதும் இல்லை. 'தமிழ் படிச்சிட்டு ராணி வீட்டிலையே வேலைக்குப் போறது?' என்று எல்லோரையும் சிரிக்க வைப்பாள்.

நாலாவதாக ஜொய்சி ஏறினாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"பிள்ளை, கவனமாய்க் கேள். ஒரு கடற்கரையிலை ஒரு நண்டு இருந்துது."

டொலறஸ் நிமிர்ந்தாள்.

முதலில் வந்தது சந்தோஷம்தான். மச்சாளின் பிள்ளைக்கும் அனிற்றா கதை சொல்லிக் கொடுத்திருக்கிறாள் என்று நினைத்தாள். பக்கத்தில் திரும்பிச் சிரித்தாள். எமில்டா சிரிக்கவில்லை. மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜொய்சி தடக்காமல் சொன்னாள். நண்டு இடையர்களிடம் வழி கேட்டது. இடையர்கள் நேரே கையைக் காட்டினார்கள்.

"நண்டு சொல்லிச்சுது, ஐயோ, எனக்கு அந்தப் பக்கம் போகத் தெரியாதே. பொறு பிள்ளை, பால் பொங்குது."

ஜொய்சி கையை நீட்டி நிறுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு எண்ணக்கூடிய நேரம் சும்மா நின்றாள். பிறகு சொன்னாள்:

"ஆ... எங்கை விட்டனான்? நண்டு."

மண்டபம் சிரித்தது. புள்ளி போட்டுக்கொண்டிருந்த அருள்நாயகி ரீச்சர் பேனையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தா. பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள்.

டொலறஸ் சிரிக்கவில்லை.

அந்தப் பால் அவளுடைய பால். ஒக்ரோபர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, அலுமாரிக்குள் இருந்து பதிந்துகொண்டிருக்கும்போது குசினியில் பால் பொங்கியது. எழும்பி ஓடினாள். திரும்பி வந்து, எங்கே விட்டேன் என்று தன்னையே கேட்டுவிட்டுத் தொடர்ந்தாள். பிறகு அழித்துப் பதிய நேரமில்லை. அப்படியே விட்டுவிட்டாள்.

ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குக் கதை சொன்னால் நண்டைச் சொல்லும். இடையரைச் சொல்லும். பாலைச் சொல்லாது.

இந்தப் பிள்ளை கசற்றைக் கேட்டிருக்கிறது. ஒருமுறை அல்ல. தாயின் செற்றில் போட்டு, நாலு எண்ணும் மௌனம்கூடப் பாடமாகும்வரை கேட்டிருக்கிறது. எமில்டா அந்தக் கசற்றை ஒருநாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்த இடத்தை வெட்டியிருப்பாள்.

ஒன்பதாவதாக அனிற்றாவைக் கூப்பிட்டார்கள்.

பிள்ளை மேடை நடுவில் வந்து நின்றாள். டொலறஸ் காலையில் மினுக்கிப் போட்ட சிவப்புச் சட்டை. மைக்கைப் பார்த்தாள். சனத்தைப் பார்த்தாள். தாயைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

"சொல்லம்மா," என்றா அருள்நாயகி ரீச்சர், பட்டியலில் இவளுக்கு நேரேயும் 'நண்டு' என்று இருந்ததைப் பார்த்து. "ஒரு கடற்கரையிலை...?"

அனிற்றாவின் வாய் திறந்தது.

"ஐ டோன்ற் நோ இற், அம்மா," என்றாள். மைக் அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது.

*

ஜொய்சிக்கு முதலாம் பரிசு. அனிற்றாவுக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கும் சான்றிதழ்.

எமில்டா காரில் ஏற்றிக்கொண்டு வந்தாள். பிளேஸ்டோவில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவதாக ஏற்கெனவே பேச்சு. பிள்ளைகள் இரண்டும் பின்னால் இருந்தன.

"பிள்ளையை ஏசிப்போடாதையும்," என்றாள் எமில்டா. "சபைக் கூச்சம். என்ரை மூத்தவனும் உப்பிடித்தான்."

"நான் ஏசேல்லை மச்சாள்."

மழை தூறியது. வைப்பர் ஒரு பக்கம் கீச்சிட்டது.

"ஜொய்சி வடிவாச் சொன்னாள். ஆர் பழக்கினது?"

"ஆர் பழக்கிறது? எங்கடை வீட்டிலை ஆர் தமிழ் கதைக்கினம்? அனிற்றாட்டைக் கேட்டுப் பாடமாக்கியிருப்பாள். பிள்ளையள் எல்லே."

டொலறஸ் திரும்பிப் பின்னால் பார்த்தாள். அனிற்றா கண்ணாடியில் வாயை வைத்து ஊதி, படிந்த ஆவிப் புகாரில் விரலால் ஆங்கில எழுத்து மூன்று எழுதினாள். அழித்தாள். மறுபடியும் எழுதினாள்.

"அனிற்றாவுக்கே தெரியாத கதையை அவள் எப்பிடி மச்சாள் சொல்லிக் குடுத்தவள்?"

"லைற் பச்சை விழுந்திட்டுது," என்றாள் எமில்டா. கியரைத் தேடினாள்.

முன்னால் வழி மறித்து ஒரு வாகனமும் இல்லை. கார் உடனே நகரவில்லை.

*

கதவைத் திறந்தது கஸ்பர்.

"வேலைக்குப் போகேல்லையே?"

"ஷிப்ற்றை மாத்தினனான்."

முன்னறையில் மூன்று பெரிய கொம்பியூற்றர்ப் பெட்டிகள். மேசை துடைத்து வெறுமையாக இருந்தது. கசற் றெக்கோடர் மாடிப்படியின் கடைசிப் படியில், சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் இருந்தது. ஹெட்போன் வயரை வடிவாகச் சுற்றி வைத்திருந்தான்.

ஜொய்சி பெட்டியைச் சுற்றி ஓடினாள். அனிற்றா கிட்டப் போகாமல் நின்றாள்.

"என்ன மாதிரிப் போனது?" என்று கேட்டான் கஸ்பர். கேட்கும்போது மேசையைப் பார்த்தான்.

"கடை வான் எத்தினை மணிக்கு வந்தது?" என்றாள் டொலறஸ்.

"பதினொண்டு, பதினொண்டரை இருக்கும்."

"போட்டி பன்னிரண்டுக்குத்தான் தொடங்கினது."

"அது... அவங்கள் முதலே ஓடர் எடுத்தால்தான்..."

"பிள்ளை சொல்லியிருந்தால்? திருப்பி அனுப்பியிருப்பீங்களோ?"

"டொலறஸ், முதல்லை கோட்டைக் கழட்டும்," என்றாள் எமில்டா. "நான் தேத்தண்ணி போடுறன்."

டொலறஸ் கோட்டைக் கழற்றவில்லை. படியில் இருந்து றெக்கோடரை எடுத்துக் கொண்டுவந்து, வெறும் மேசையின் நடுவில் வைத்தாள். மூடியைத் திறந்தாள். உள்ளே மூன்றாவது கசற். அவளுடைய கையெழுத்து. நீல மை. 'அனிற்றா, 3, நண்டு.'

கசற்றைத் திருப்பிப் பார்த்தாள்.

அவள் உடைத்த பல் இரண்டும் இருந்த இடத்தில் துளை தெரியவில்லை. இரண்டு துளைக்கும் மேலே செலோரேப். ஓரம் மடியாமல், கத்தரிக்கோலால் வெட்டி, இழுத்து ஒட்டிய செலோரேப். துளையை மூடினால் மேலே திரும்பவும் பதியலாம். இது தற்செயலாக அமத்துப்பட்டு அழிந்த கசற் அல்ல. யாரோ இருந்து, அளந்து, ஒட்டியிருக்கிறார்கள்.

கசற்றைத் திரும்பப் போட்டாள். ஹெட்போனைப் பூட்டவில்லை. பின்னால் சுற்றிவிட்டு, அமத்தினாள்.

ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் பூனைக்கு எழுத்துக் கூட்டியது. பிறகு பந்து. பிறகு நாய். கொன்வென்ற் வகுப்பறையில் பழகிய, தெளிவான, ஆறுதலான குரல். ஒவ்வொரு சொல்லுக்கும் பிறகு பிள்ளை திருப்பிச் சொல்ல இடம் விட்டது.

எமில்டா குசினி வாசலில் கேத்திலோடு நின்றாள்.

கசற் ஓடியது. கதிரை, மேசை, கதவு. கடைசியில் அந்தக் குரல் நன்றாகச் செய்தாய் என்று பாராட்டிவிட்டு, தணிந்த தொனியில் தமிழுக்கு மாறியது.

"அம்மா கேட்டால் நண்டுக் கதை கேட்டனான் எண்டு சொல்லோணும். என்ன, குஞ்சு?"

அந்தக் கசற்றில் இருந்த ஒரே தமிழ் அதுதான்.

டொலறஸ் நிறுத்தினாள்.

"மற்ற ரெண்டும் இப்பிடித்தானே?"

"ஓம்," என்றான் கஸ்பர்.

"என்ரை குரல் ஒண்டிலையும் இல்லை."

பெட்டிக்குப் பின்னால் இருந்து ஜொய்சியின் தலை தெரிந்தது. வெள்ளிச் சரிகை காதுக்குச் சரிந்திருந்தது.

"மாமி," என்றாள். டொலறஸின் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். "நீங்கள்தானே கசற் அம்மா?"

"ஜொய்சி, பேசாமல் இரு."

"யேஸ், மம். தற்ஸ் ஹேர் வொய்ஸ். கசற் அம்மா!"

டொலறஸ் எமில்டாவைப் பார்த்தாள். "செற் பழுது எண்டனீங்கள்."

எமில்டா கேத்திலைக் கீழே வைத்தாள். பரிசு பெற்ற பிள்ளையின் தாய் மாதிரி அவள் இப்போது இல்லை.

"என்ரை மூத்தது ரெண்டும் என்னோடை கதைக்கிறது ரீவியிலை செய்தி வாசிக்கிற மாதிரி, டொலறஸ். தேவையானதைச் சொல்லுவினம். முடிஞ்சவுடனை கதவைச் சாத்துவினம். நான் ஒரு பகிடி விட்டால் அதை விளங்கப்படுத்தோணும். கடைசியாவது என்னோடை கதைக்கட்டும் எண்டு நினைச்சன். எனக்கு உம்மை மாதிரிக் கதை சொல்ல வராது. நான் ரீச்சர். எனக்குப் பாடம்தான் வரும்."

"அப்ப அனிற்றா?"

எமில்டா விரலால் கேத்தில் பிடியைத் தடவினாள்.

"தம்பி கேட்டவன்."

"உங்களுக்குத் தெரியும் மச்சாள். வீட்டிலை தமிழ் போனால் என்ன நடக்கும் எண்டு இந்த வீட்டிலை உங்களுக்கு மட்டும்தான் தெரியும். தெரிஞ்சுகொண்டு என்ரை பிள்ளையின்ரை காதிலை இருந்து எடுத்து உங்கடை பிள்ளையின்ரை காதிலை வைச்சிருக்கிறீங்கள்."

"அக்காவை ஏன் பேசுறீர்?" கஸ்பர் குறுக்கே வந்தான். "நான் கேட்டது. என்னைப் பேசும்."

"வாறன். உங்களிட்டையும் வாறன்."

அவன் பெட்டியின் மேல் இருந்தான். இருந்த விதத்தில் ஒரு தோல்வி தெரிந்தது.

"யூலை மாதம் பள்ளிக்கூடத்திலை கூப்பிட்டவை. நீர் ஷிப்ற். நான் தனியப் போனனான். பிள்ளையள் இருக்கிற சின்னக் கதிரையிலை என்னை இருத்திப்போட்டு அந்த ரீச்சர் இருவது நிமிசம் கதைச்சவ. பாதி விளங்கேல்லை. விளங்காத பாதிக்கும் தலையாட்டினனான். பம்பிலை காசு குடுக்கிறவங்களோடை நான் கதைக்கிற இங்கிலிசு இல்லை அது. அனிற்றா வகுப்பிலை வாய் திறக்கிறாள் இல்லை, அது மட்டும் விளங்கிச்சுது. முழங்கால் நெஞ்சிலை முட்ட இருந்தன் டொலறஸ். என்ரை பிள்ளை வளந்து என்னை மாதிரி ஒரு கதிரையிலை இருக்கக்கூடாது எண்டு நினைச்சன். வேறை ஒண்டும் நினைக்கேல்லை."

அந்தக் கதிரையை டொலறஸால் காண முடிந்தது. அதில் ஒரு வளர்ந்த மனிதன் முழங்காலை மடக்கிக்கொண்டு தலையாட்டுவதையும் காண முடிந்தது. காண முடிந்ததால் கோபம் குறையவில்லை.

"இதை அண்டைக்கே எனக்குச் சொல்லியிருந்தால்?"

"சண்டை பிடிச்சிருப்பீர்."

"ஓம். பிடிச்சிருப்பன். முகத்துக்கு நேரை நிண்டு பிடிச்சிருப்பன். நீங்கள் என்னோடை பந்தயமெல்லே பிடிச்சனீங்கள்? நான் தோக்கத்தான் போறன் எண்டு தெரிஞ்சுகொண்டு பிடிச்சனீங்கள். ஒவ்வொரு சனியும் நான் அவளுக்குத் தலை இழுத்துப் பின்னி, ஹெட்போனை என்ரை கையாலை மாட்டிவிட, பக்கத்திலை இருந்து தேத்தண்ணி குடிச்சனீங்கள்."

கஸ்பர் நிலத்தைப் பார்த்தான்.

"நல்லா இருந்துதே தேத்தண்ணி?"

டொலறஸ் திரும்பினாள். அனிற்றா வாசலிலேயே நின்றாள். சான்றிதழைச் சுருட்டி, அதை ஒரு கண்ணில் வைத்து, குழாய் வழியாக எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டொலறஸ் அவளுக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள். குழாயை மெதுவாக இறக்கினாள்.

"அனிற்றா. அது அம்மான்ரை கதை இல்லையெண்டு உனக்குத் தெரியுமே?"

பிள்ளை தாயைப் பார்க்கவில்லை. முதலில் தகப்பனைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. ஐந்து வயதுக்கு நன்றாகப் பழகிய பார்வை.

பிறகுதான் தலையாட்டினாள்.

"இற் வோஸ் எ சீக்கிறற்," என்றாள்.

டொலறஸ் எழும்பினாள். கஸ்பர் செய்தது, எமில்டா செய்தது, அவற்றுக்கு அவளிடம் சொற்கள் இருந்தன. இதற்கு இல்லை. இரண்டு மாதமாக ஒவ்வொரு சனியும் இந்தப் பிள்ளை தன் கன்னத்தில் முத்தம் வாங்கிக்கொண்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பொய்யாக உதடு அசைத்திருக்கிறது. அதை இவர்கள் பழக்கியிருக்கிறார்கள். எந்தக் கசற்றையும்விட இதை நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள்.

"நான் சும்மா செய்யேல்லை," என்றான் கஸ்பர். எழுந்து போய்க் கதவுக்குப் பின்னால் தொங்கிய ஜக்கெற்றின் உள்பையில் இருந்து ஒரு கடிதத்தை எடுத்தான். நாலாக மடித்தது. மடிப்பில் அழுக்கேறியிருந்தது. "வீட்டிலை தமிழை நிப்பாட்டச் சொல்லிப் பள்ளிக்கூடத்தாலை எழுத்திலையும் தந்தவை. உமக்கு மனவருத்தமாயிருக்கும் எண்டு காட்டேல்லை. வாசியும். வாசிச்சுப்போட்டுச் சொல்லும், நான் என்ன செய்யிறது?"

"இப்ப அது ஏன் தம்பி?" என்றாள் எமில்டா. "அவ களைச்சுப்போய் நிக்கிறா. பிறகு பாக்கலாம்."

டொலறஸ் கையை நீட்டினாள்.

முதியோர் இல்லத்தில் ஷிப்ற் முடிய, யார் சாப்பிட்டது, யார் விழுந்தது, யார் அழுதது என்று ஆறு வருடமாக அவள் ஆங்கிலத்தில் எழுதி வருகிறாள். பேச்சில்தான் அந்த மொழி அவளை விட்டுவிட்டு ஓடும். தாளில் நிற்கும். விரலை வைத்து வாசித்தால் அவளுக்காகப் பொறுத்து நிற்கும்.

யன்னலுக்குக் கிட்டப் போய் விரலை வைத்து வாசித்தாள்.

கஸ்பர் சொன்னது சரி. அனிற்றா நன்றாகக் கவனிக்கிறாள். கெட்டிக்காரி. ஆனால் வகுப்பில் கதைப்பது குறைவு. பக்கம் முடிந்தது.

தாளைத் திருப்பினாள்.

பின்பக்கமும் எழுதியிருந்தது.

அதையும் விரலை வைத்து வாசித்தாள். ஒரு சொல் விளங்கவில்லை. அதை விட்டுவிட்டு மிச்சத்தை வாசித்தாள். பிறகு முதலில் இருந்து இன்னொருமுறை வாசித்தாள்.

வீட்டில் இரண்டாவது மொழி உள்ள பிள்ளைகளிடம் இது வழக்கம், பயப்பட வேண்டாம் என்று எழுதியிருந்தது. ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் தானாக வரும். தயவுசெய்து வீட்டு மொழியை நிறுத்த வேண்டாம். தாய்க்கு மாலையில் வேலை என்று அறிகிறோம். முடிந்தால் தாய் தன் மொழியில் கதைகள் சொல்லி, கசற்றில் பதிந்து பிள்ளைக்குக் கொடுத்தால் நல்லது.

வெளியே ஒரு பஸ் போனது. யன்னல் கண்ணாடி அதிர்ந்து நின்றது.

"வாசிச்சீரே?" என்றான் கஸ்பர். "இப்ப விளங்குதே?"

டொலறஸ் தாளை அதே மடிப்பில் மடித்தாள். ஒன்று. இரண்டு.

"நீங்கள் இதை முழுக்க வாசிச்சனீங்களே?"

"முன்பக்கம் கொஞ்சம் பாத்தனான். மிச்சம் பெரிய பெரிய சொல்லாய் இருந்துது."

"பின்பக்கம்?"

"என்ன பின்பக்கம்?"

"இங்கிலிசு மட்டும் கதையுங்கோ, தமிழை நிப்பாட்டுங்கோ எண்டு இதிலை எழுதியிருக்கு எண்டு உங்களுக்கு ஆர் வாசிச்சுச் சொன்னது?"

கஸ்பர் மெதுவாகத் திரும்பித் தமக்கையைப் பார்த்தான்.

எமில்டா வாசலில் குனிந்து நின்று ஜொய்சிக்குக் கோட் மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. கழுத்திலிருந்து தொடங்கி, எல்லாப் பொத்தானையும் ஒரு துளை மாறிப் போட்டிருந்தாள்.